ஏழாவது சிரட்டை

எங்கள் வீட்டில் நாய் பூனையோடு வருகிறவர்களுக்கும் இடம் கொடுப்போம் என்று ஊருக்கெல்லாம் அறிவித்தது நான் இல்லை, என் மகள். ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் ஏறும் பாதையில் எங்கள் வீடு. அதற்குப் பக்கத்தில் இரண்டு அறையும் சமையலுக்கு ஒரு குசினியும் அவளுக்காகத்தான் கட்டினோம். அவள் கல்யாணம் முடித்துக் கண்டிக்குப் போய்விட்டாள். சும்மா கிடக்கிற அறைகளை நினைத்தால் அவளுக்குப் பொறுக்காது. படம் எடுத்து இணையத்தில் போட்டு, ஆள் வரவும் வைத்துவிட்டாள். ஒருநாள் ஒரு குடும்பம் கூடையில் வெள்ளை முயலோடு வந்து இறங்கியபோதுதான், செல்லப்பிராணிகளுக்கு அனுமதி உண்டா என்ற கேள்விக்கும் அவள் உண்டு என்று போட்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது.

போனில் பிடித்துக் கத்தினேன். அவள் அசையவில்லை.

"அம்மா, நாய் பூனைய விட்டுட்டு வர முடியாதவங்க எத்தன பேர் இருக்காங்க. அவங்கள யாரும் சேத்துக்க மாட்டாங்க. நம்ம சேத்துக்கிட்டா வருசா வருசம் நம்மகிட்டதான் வருவாங்க."

எனக்கு வியாபாரம் சொல்லித் தருகிறாளாம். அந்த முயல் இரண்டே நாளில் என் துளசியை மொட்டையடித்துவிட்டுப் போனது. அதற்குப் பின் வந்த ஒரு பூனை சாமி அறைக்குள் புகுந்து விளக்குக்கு முன்னால் படுத்துக்கொண்டது. நகரச் சொன்னால் என்னைத்தான் முறைத்தது. அதோடு நான் ஒரு அட்டையில் விதிமுறைகள் எழுதிச் சுவரில் மாட்டினேன். நாய் கட்டிலில் ஏறக்கூடாது, பூனை சாமி அறைப் பக்கம் வரக்கூடாது என்றெல்லாம் எழுதிக்கொண்டு வரும்போது என் வீட்டுக்காரர் பின்னால் நின்று, "ஓடைக்குக் கூட்டிட்டுப் போகக் கூடாதுன்னும் எழுது" என்றார். எழுதினேன். ஏன் என்று கேட்கவில்லை. அவர் தேயிலைத் தோட்டத்தில் லயம் என்கிற வரிசை வீட்டில், மாடுகளோடு வளர்ந்தவர். நான் மாத்தளை டவுனில் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. காடு, ஓடை, சரிவு என்று அவர் சொன்னால் நான் குறுக்கே பேசுவதில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் பேசுவேன்.

போன வருடம் மழை கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரத்தில், கொழும்பிலிருந்து ஓர் அம்மா நாயோடு பத்து நாள் தங்க வருவதாக மகள் சொன்னாள். யாழ்ப்பாணத்து ஆள், வெள்ளவத்தையில் தனியாக இருக்கிறவர், பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இரண்டு பேரும் கனடாவில். சனிக்கிழமை வருகிறார் என்றாள். நல்லது, சனிக்கிழமைக்குள் பின்பக்கத்து ஸ்டோரைச் சரிபண்ணிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

ஸ்டோர் என்றால் மிளகுச் சாக்கும் தேங்காயும் அடுக்குகிற சின்ன அறை. அந்த வருடம் எலி அட்டகாசம் பண்ணியது. சாக்கெல்லாம் ஓட்டை, தேங்காயெல்லாம் பொத்தல். பொறி வைத்துப் பார்த்தேன், எலிகள் பொறியைச் சுற்றிப் போய்த் தேங்காயைக் கொறித்தன. கடைசியில் எலி மருந்து வாங்கினேன். வெறும் மருந்தை எங்கள் எலி தொடாது. கருவாட்டைச் சுட்டு, அதற்குள் மருந்தைப் பொதிந்து, தேங்காய்ச் சிரட்டைகளில் வைத்துச் சாக்குகளுக்கு இடையில் சொருகினேன். ஏழு சிரட்டை. விருந்தாளி வருகிற நாள் காலையில் எடுத்துவிடுவது என் வழக்கம்.

ஆனால் டீச்சர் சனிக்கிழமை வரவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் போன் வந்தது, இன்றைக்கே கிளம்பிவிட்டேன், மத்தியானத்துக்கு வந்துவிடுவேன் என்று. நான் தலைக்குக் குளித்து, விளக்கேற்றி, விரதத்தில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மீன் சட்டிகூட வெளியே வராது. அந்தக் கையால் கருவாட்டைத் தொடுவதா? வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "ஸ்டோர்ல இருக்க சிரட்டையெல்லாம் எடுத்துக் குழி தோண்டிப் பொதைச்சிடுங்க" என்றேன். அவர் எடுத்தார், ஒரு பையில் போட்டார், மிளகுக் கொடிகளுக்கு அப்பால் கொண்டுபோய்ப் புதைத்தார். அந்தப் பையைத் திறந்து எண்ணிப் பார்த்திருக்க வேண்டியவள் நான். கருவாட்டு வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

டீச்சருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். மெலிந்த உடம்பு, இளநீலச் சேலை, பேச்சில் அவசரமே கிடையாது. நாய்க்குப் பதினொரு வயது. செம்மண் நிறம். ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருந்தது. டீச்சர் அதை ராசா என்று கூப்பிட்டார். அவர் இருக்கிற மாடிக்கு மேலே சுவரை இடித்துக் கட்டுகிறார்களாம், அந்தச் சத்தத்தில் நாய்க்கு உடம்பெல்லாம் நடுக்கம் வந்துவிட்டதாம்.

"இவன் மூண்டு நாளாக் கட்டிலுக்குக் கீழையே கிடந்தவன் தங்கச்சி. அதுதான் கூட்டிக்கொண்டு வந்தனான்" என்றார்.

ஒரு நாயின் பயம் தெளிவதற்காகக் கொழும்பிலிருந்து இவ்வளவு தூரம் வருகிறார்களே என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். ஆனால் இரண்டு நாளில் நாய் மாறிப்போனது உண்மைதான். முற்றத்தில் வெயில் காய்ந்தது. கோழியைத் துரத்துவதாகப் பாவனை செய்தது. ஞாயிற்றுக்கிழமை ஸ்டோருக்குள்ளிருந்து வாலை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தது. கதவுக் கொக்கி சரியாக விழாது. நான் அதைப் பார்த்து, "என்னடா, மிளகு வியாபாரமா?" என்று கேட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு பிறகு என்னை என்ன பாடு படுத்தியது என்று எனக்குத்தான் தெரியும்.

வியாழக்கிழமை பதினொரு மணியிருக்கும். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். டீச்சர் தன் வாசலிலிருந்து கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஒருக்கா வாங்கோ. இவனுக்கு மூக்காலை ரத்தம் வருது."

போய்ப் பார்த்தேன். சீமெந்துத் தரையில் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு. நாய் நக்கிக்கொண்டே இருக்கிறது, ரத்தம் வந்துகொண்டே இருக்கிறது. இரண்டு நாளாகத் தும்முகிறான், தடிமன் என்று நினைத்தேன் என்று டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அதற்கு மேல் காது கேட்கவில்லை. மருந்து வாங்கும்போது கடைக்காரர் சொன்னது மட்டும் கேட்டது. தின்றவுடனே சாகாது, ரத்தம் உறையாமல் போய் நாலைந்து நாள் கழித்துத்தான் சாகும் என்று சொல்லியிருந்தார். வெள்ளி, சனி, ஞாயிறு என்று விரல் விட்டு எண்ணினேன்.

வீட்டுக்குள் ஓடி வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவர் ரத்தோட்டைக்கு ஆட்டோவில் மிளகு கொண்டுபோயிருந்தார்.

"என்னங்க, அன்னைக்கு எத்தன சிரட்டை எடுத்தீங்க?"

"எந்தச் சிரட்டை?"

"எலி மருந்துங்க."

"ஆறு."

"நான் ஏழு வச்சேங்க."

"ஏழுன்னு நீ சொல்லலியே" என்றார்.

"சொன்னேன்."

"சொல்லல புள்ள."

சொல்லவில்லைதான். நாய்க்கு ரத்தம் வருகிறது என்றதும் அவர் குரல் மாறியது. "நான் இப்பவே வாறேன். டாக்டர்கிட்ட கொண்டு போவோம். அது வரைக்கும் நீ ஒண்ணும் சொல்லிக்கிட்டு இருக்காத. ஒனக்கு வாய் நிக்காது" என்றார்.

மருந்துப் பெட்டியைத் தேடி எடுத்தேன். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்தது: தவறி உட்கொண்டால் உடனே வைத்தியரிடம் காட்டவும், மாற்று மருந்து உண்டு. உண்டுதான். ஆனால் என்ன தின்றது என்று தெரிந்தால்தானே அவர் அதைக் கொடுப்பார்? டீச்சருக்குத் தெரியாமல் டாக்டரின் காதில் மட்டும் போட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், யோசித்தேன். ஆட்டோ வர இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடமும் டீச்சரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய்யாக ஆறுதல் சொல்ல என்னால் முடியாது. பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன்.

"டீச்சர், ஒங்க நாய நான் கொன்னுட்டேன் போல இருக்கு."

இப்படித்தான் சொன்னேன். இதைவிட மோசமாக யாரும் சொல்லியிருக்க முடியாது. சொல்லிவிட்டு அழுதேன். டீச்சர் பெட்டியை வாங்கி, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒரு வரி விடாமல் வாசித்தார்.

"இது எங்கை இருந்தது?"

"ஸ்டோர்ல டீச்சர். எடுக்கச் சொன்னேன். ஒண்ணு விட்டுப்போச்சு. வெள்ளிக்கிழம, வெரதம், நான் கருவாட்டத் தொடல."

"விரதம்" என்றார். திட்டியிருந்தால் பட்டுக்கொண்டு போயிருப்பேன். அந்த ஒரு சொல்லை என்னால் தாங்க முடியவில்லை. அவர் என்னைப் பார்க்காமல் நாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். எதையோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டதுபோல இருந்தது. ஏசத்தான் நினைக்கிறார், மரியாதைக்காக அடக்குகிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். நாயை மடியில் வைத்துக்கொண்டு டீச்சர் பின்னால் ஏறினார். நான் பக்கத்தில் ஏறினேன். மாத்தளைக்கு இறங்குகிற ஒவ்வொரு வளைவிலும் ஒரு சொட்டு அந்த நீலச் சேலையில் விழுந்தது. நான் மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். உன் விரதத்துக்காகத்தானே தாயே கை வைக்காமல் இருந்தேன், நீயே பார்த்துக்கொள் என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னேன்.

மாத்தளையில் போய் இறங்கினால் மிருக வைத்தியர் இல்லை. அலுவிகாரைப் பக்கம் ஒரு மாட்டுக்குக் கன்று வரமாட்டேன் என்கிறது, போயிருக்கிறார், ஒரு மணி நேரமாகும் என்று அங்கிருந்த ஆள் சிங்களத்தில் சொன்னார். ஒரு மணி நேரம். டீச்சர் வாங்குப் பலகையில் உட்கார்ந்து நாயின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் மட்டும் நாய்க்கு முன்னால் குந்தி உட்கார்ந்து அதன் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

"டீச்சர், வலது பக்கத்துல மட்டுந்தானே ரத்தம் வருது?"

"ஓம்."

"தும்மல் இருந்துச்சா?"

"ரெண்டு நாளா."

"ஓடையில தண்ணி கிண்ணி குடிச்சானா?"

"இல்லை" என்றார் டீச்சர்.

வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். எழுந்து எதிரே இருந்த தேநீர்க் கடைக்குப் போய் ஒரு பேசின் நிறையக் குளிர்ந்த தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்தார். "தண்ணிய காட்டணும், ஆனா குடிக்க விடக் கூடாது" என்று சொல்லி, நாயின் மூக்குக்கு ஒரு விரல் கீழே பேசினைப் பிடித்தார். தாகத்தில் நாய் இழுத்தது. டீச்சர் கழுத்துப் பட்டியைப் பிடித்துக்கொண்டார். மனுசனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

அப்போது வலது மூக்கிலிருந்து கறுப்பாக ஒன்று எட்டிப் பார்த்தது. தண்ணீரைத் தொட்டது. சடக்கென்று உள்ளே போய்விட்டது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"அசையாதீங்க" என்றார் அவர். இரண்டாம் தரமும் வந்தது, போனது. மூன்றாம் தரம் நன்றாக நீண்டு தண்ணீரில் தலையை நனைத்தபோது, தோளில் கிடந்த துவாயால் பிடித்துவிட்டார். வெடுக்கென்று இழுக்கவில்லை. மெதுவாக, அறுந்துவிடாமல், கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். சுண்டுவிரல் நீளத்துக்கு ஓர் அட்டை வந்தது. அட்டை என்றால் காலில் ஏறும், உப்பைத் தடவினால் விழும் என்பதுதான் நான் அறிந்தது. மூக்குக்குள் குடியிருக்கும் என்று யார் கண்டது?

"லயத்துல ஓடைத் தண்ணி குடிக்கிற மாட்டுக்கு வரும். எங்கப்பா இப்பிடித்தான் எடுப்பாரு" என்றார், ஏதோ செருப்பில் குத்திய முள்ளை எடுத்தவர்போல. தேநீர்க் கடைக்காரர் தன் பேசினைத் திரும்ப வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

எனக்குப் பயம் தீரவில்லை. அட்டை இருந்தால் மருந்தும் தின்றிருக்கக் கூடாதா? இரண்டும் ஒரே நாய்க்கு வரக்கூடாது என்று சட்டமா? அவரிடம் கேட்டேன். "ரத்தம் நிக்குதான்னு பாரு. மருந்துன்னா நிக்காது" என்றார். பார்த்தோம். மூன்று பேரும் ஒரு நாயின் மூக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சொட்டு குறைந்தது. பிறகு கசிவு மட்டும் இருந்தது. பிறகு அதுவும் நின்று, மூக்கின் ஓரத்தில் கறுப்பாகக் காய்ந்தது.

வைத்தியர் சேற்றுக் காலோடு வந்து சேர்ந்தார். நான் பெட்டியை நீட்டி, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவர் நாயின் பல் முரசைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், காலில் கொஞ்சம் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் வைத்துக் காத்திருந்தார். பிறகு குழாயைச் சாய்த்து என்னிடமே காட்டினார். ரத்தம் ஓடவில்லை. கட்டியாக நின்றது.

"அம்மா, மருந்து தின்று நாலைந்து நாள் ஆகியிருந்தால் இப்படி உறையாது. உங்கள் எலி மருந்து இந்த நாயிடம் போகவில்லை" என்று சிங்களத்தில் சொன்னார்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மானம் மரியாதை எதுவும் பார்க்கவில்லை. மார்பில் ஏற்றி வைத்திருந்த அம்மிக்கல்லை யாரோ தூக்கி எடுத்ததுபோல மூச்சு வந்தது. நான் கொல்லவில்லை, நான் கொல்லவில்லை என்று வாய்விட்டே சொன்னேனாம். வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார். நாய் என் முகத்தை நக்கியது. வேறு நாளாக இருந்தால் கூச்சல் போட்டிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஸ்டோரில் இருந்த சாக்குகள் அத்தனையையும் இழுத்து வெளியே போட்டோம். சுவருக்கும் பலகைக்கும் நடுவில் ஏழாவது சிரட்டை கிடந்தது. கருவாடு விறைத்து, மருந்து அப்படியே இருந்தது. எலிகூடச் சீந்தவில்லை. "ஒன் சமையலாச்சே" என்றார் வீட்டுக்காரர். அன்றைக்கு அவர் என்ன சொன்னாலும் தகும். அதை நானே என் கையால் எடுத்துப் புதைத்தேன். அதன் பிறகு எங்கள் வீட்டில் எலி மருந்து கிடையாது, பொறி மட்டும்தான். சாக்கைக் கடித்தால் கடிக்கட்டும்.

விளக்கு வைக்கிற நேரத்தில் டீச்சர் என் குசினி வாசலுக்கு வந்தார். சேலை மாற்றியிருந்தார். நாய் சங்கிலியோடு கூடவே நின்றது. தேத்தண்ணி போடவா என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

"தங்கச்சி, உங்கடை அவர் கேக்கேக்கை நான் பொய் சொன்னனான்."

எனக்கு விளங்கவில்லை.

"சனிக்கிழமை விடியக்காலமை இவனை ஓடைக்குக் கூட்டிக்கொண்டு போனனான். நீங்கள் எழுதி வச்சதை வாசிச்சனான்தான். அவன் எத்தினையோ நாளுக்குப் பிறகு துள்ளினவன், மனம் கேக்கேல்லை. நல்லாத் தண்ணி குடிச்சவன். நீங்கள் அந்தப் பெட்டியோடை வந்து அழேக்கையே, அந்தத் தண்ணியாலை ஏதும் வந்திருக்குமோ எண்டு எனக்கு ஒரு யோசனை வந்தது. சொல்லேல்லை. இவன் செத்தால் பிழை என்னிலை வரக்கூடாது, உங்களிலையே இருக்கட்டும் எண்டு இருந்திட்டன்."

நிமிர்ந்து நின்றுதான் சொன்னார். குரல் மட்டும் உடைந்தது.

எனக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா? அந்த மத்தியானம் முழுவதும், அந்த வளைவுகள் முழுவதும், அந்த வாங்குக்கு முன்னால், நான் செத்துச் செத்துப் பிழைத்தேனே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வீட்டுக்காரர் முற்றத்திலேயே பேசினை எடுத்திருப்பாரே. எல்லாம் தொண்டைவரை வந்தன. டீச்சர் ஏச்சை வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றார். அவருடைய காலுக்குப் பக்கத்தில் நாய் என் அடுப்பைப் பார்த்து மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. உலர்ந்த மூக்கு, ரத்தம் இல்லாத மூக்கு. அதைப் பார்த்ததும் ஏசுவதற்கு எடுத்து வைத்திருந்த சொல் ஒன்றும் வாயில் நிற்கவில்லை. அவரும் பயந்தார், நானும் பயந்தேன், அவ்வளவுதான்.

"அவனுக்குச் சோறு குடுத்தீங்களா டீச்சர்?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்லை."

"நான் போடவா?"

வந்த நாளிலிருந்து அதற்கு அவர் கையால்தான் சாப்பாடு. தன் குசினியில் தனியாக வேகவைத்து, ஆறவைத்து, பக்கத்தில் இருந்து ஊட்டாத குறையாகக் கொடுப்பார். நான் ஒரு பிஸ்கட் துண்டுகூடப் போட்டதில்லை. டீச்சர் குனிந்து சங்கிலியைக் கழற்றினார்.

"போடுங்கோ" என்றார்.

உப்பில்லாமல் சோற்றில் தயிர் விட்டுப் பிசைந்தேன். டீச்சர் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பீங்கானைத் தரையில் வைத்தேன். நாய் மோந்துகூடப் பார்க்காமல் தின்ன ஆரம்பித்தது.